முட்டியில் நின்ற மூச்சு

மலாயாவில், உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வீரமுத்துவைப் பால்வெட்டுக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. சடுகுடு வீரமுத்து என்றுதான் சொல்வார்கள். 1933ஆம் வருஷத்து ஆடித் திருவிழா ஆட்டத்தில், கோத்தா திங்கி அணி ஆட்கள் ஒன்றாக மேலே விழுந்து அமுக்கியதில் அவருடைய இடது முட்டி திருகிக்கொண்டது. எலும்பு உடையவில்லை என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீக்கம் வற்றியது. கால்தான் பாதிக்கு மேல் மடங்கவில்லை. அடுத்த ஆடிக்குள் கோட்டைத் தாண்டிப் பாடிப் போக முடியாவிட்டால் அணியில் அவருடைய இடம் இளையவன் லெட்சுமணனுக்குப் போய்விடும்.

அவரைப் பழக்க முன்வந்தவர் அங்கம்மா. வீரமுத்துவின் அண்ணன் மனைவி. அடுத்த மர நிரையில் பால் வெட்டுபவர். சடுகுடு ஆடியே அறியாதவருக்கு இது எப்படித் தோன்றியது? அவரிடமே கேட்டேன். பக்கத்து நிரையில் ஒருவர் கொக்கு மாதிரி நின்று வெட்டுவதைத் தினமும் பார்க்கச் சகிக்கவில்லையாம்.

பால்மரத்தில் வெட்டு வருஷா வருஷம் கீழே இறங்கிக்கொண்டே வரும். புது வெட்டு நெஞ்சு உயரத்தில் இருக்கும். பழைய வெட்டுக்குத் தரையில் குந்த வேண்டும். வீரமுத்துவின் நிரையில் பெரும்பாலும் பழைய வெட்டு. கங்காணியிடம் சொல்லிவிட்டு இருவரும் நிரையை மாற்றிக்கொண்டார்கள். முதலில் வீரமுத்து நின்றபடியே வெட்டினார். பிறகு இடுப்பளவு, தொடையளவு என்று உயரம் பார்த்து, அவருடைய மரங்களை அங்கம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தார். வலிக்கிறது என்று முனகினால் ஒரே பதில்தான்.

“வலிச்சா அது உங்க காலுதான், கொழுந்தனாரே. வலிக்கலன்னாத்தான் யாரு காலுன்னு பாக்கணும்.”

தைப்பூசம் கழிந்தபோது வீரமுத்து முழுசாகக் குந்தி எழுந்தார். வேலை முடிந்தது என்று இருவரும் நினைத்துவிட்டார்கள்.

சித்திரையில் பயிற்சி ஆட்டம் தொடங்கியது. கோட்டைத் தாண்டி “சடுகுடு சடுகுடு” என்று பாடிப் போனவருக்கு எதிராளியின் காலைத் தொடக் குனிந்ததும் பாட்டு அறுந்தது. பாட்டு அறுந்தால் ஆள் வெளியே. மறுபடி போனார். அதே இடத்தில், அதே மாதிரி.

“அண்ணே, காலு வந்திருச்சு. வாய எங்க வச்சிட்டு வந்தீங்க?” என்றான் லெட்சுமணன். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் அங்கம்மா தன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொழுந்தன் வெட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிடக் கூடாது. அதனால் ஒவ்வோர் இழுப்புக்கும் மூச்சைப் பிடிப்பது பால்வெட்டுக்காரர் வழக்கம். அங்கம்மாவும் அப்படித்தான் வெட்டுகிறார். மாதக்கணக்கில் மூச்சைப் பிடித்தபடியே அந்த முட்டி மடங்கப் பழகியிருக்கிறது. இப்போது முட்டி மடங்கினால் மூச்சும் நின்றுவிடுகிறது.

“நானே கெடுத்துட்டேனா?” என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து பாலை எடைபோட்டுக் கொடுத்த பிறகு இருவரும் மரத்தடிக்குத் திரும்பினார்கள். கையில் கத்தி கிடையாது. வீரமுத்து குந்தி, விரலால் வெட்டுத் தடத்தைத் தடவியபடி உரக்கப் பாட வேண்டும். பாட்டு நின்றால் அங்கம்மா வாளியைத் தட்டுவார். மரத்துக்கு மந்திரம் ஓதுகிறார்கள் என்று போகிறவர்கள் கேலி செய்தார்கள். வாளிச் சத்தம் நாளாக ஆகக் குறைந்தது.

ஆடியில் அதே கோத்தா திங்கி ஆட்கள் வந்தார்கள். வீரமுத்து பாடிப் போனார். சூழ்ந்துகொண்டார்கள். அவர் தரையோடு தரையாகக் குனிந்தார். பாட்டு அறுபடவில்லை. ஒருவனின் கணுக்காலைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தார். அன்றைக்குத் தோட்டம் தோற்றது. அவருடைய இடம் மட்டும் போகவில்லை.

மூச்சை நிறுத்தியது கத்திப் பழக்கம்தானா, மறுபடி முட்டி திருகிவிடுமோ என்ற பயமா? கேட்கலாமா கூடாதா என்று வெகுநாள் தயங்கிவிட்டுத்தான் வீரமுத்துவிடம் கேட்டேன். தெரியவில்லை என்றார். எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. அங்கம்மாவுக்கு அந்தக் கவலையே இல்லை.

“இப்ப குந்துனாலே பாட்டுதாங்க. வெட்டுறப்பவும் பாடுறாரு. மரத்துல காயம் பட்டா கங்காணி என்னையத்தான் கேக்குறாரு.”