சதுரங்கப்பட்டினத்துக் கடலில் மூன்று ஏரிக்காரர்கள்

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் முதல் பேருந்து காலை நாலரைக்கு. 2003, மாசி மாதம். தசரதன் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். ஏகாம்பரம் கடைசி சீட்டுக்குப் போனான். நடுவில் நான். கடலுக்கு மீன் பிடிக்கப் போகிறோம் என்று சொன்னால் கண்டக்டர் நம்பியிருக்க மாட்டார். எழவு வீட்டுக்குப் போகிறவர்கள்கூட இதைவிடக் கலகலப்பாகப் போவார்கள்.

மூவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள். போன கோடையில் ஏரித் தண்ணீர் குறைந்து, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் பாய்ச்சினார்கள். ஏகாம்பரத்தின் முறையன்று தசரதன் கால்வாய்க் கரையை வெட்டித் தண்ணீரைத் தன் கழனிக்குத் திருப்பிக்கொண்டான். ஏகாம்பரம் ஊர் நடுவில் நின்று அவனைத் தண்ணித் திருடன் என்றான். யார் மேல் தப்பு என்று என்னைக் கேட்டால், இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி உதைக்கலாம் என்பேன். அன்றோடு பேச்சு நின்றது. ஒருவன் பேரை இன்னொருவன் வாயால் சொல்வதும் நின்றது.

வரும் வைகாசியில் ஏகாம்பரத்தின் மகளுக்குக் கல்யாணம். என் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு வந்து, “அவன் வந்து நிக்கலேன்னா பந்தல் போட்டு இன்னாடா பிரயோஜனம்?” என்று கண் கலங்கினான். அப்படியானால் போய்க் கூப்பிடு என்றேன். “அவன் என் பேர சொல்லி ஒரு தபா கூப்புடட்டும். அன்னிக்கே அவன் வூட்டுக்குப் போய் வெத்தல பாக்கு வைக்கிறேன்” என்றான். அதற்காகத்தான் இந்தப் பயணம். படகில் ஏற்றிவிட்டால் முறைத்துக்கொண்டு எழுந்து போக இடம் கிடையாது என்பது என் கணக்கு. இரண்டு பேரும் வரச் சம்மதித்ததே நல்ல சகுனமாகப் பட்டது.

செங்கல்பட்டுக்கு ஒன்பது ரூபாய் டிக்கெட். அங்கே நாஷ்டா, இட்லி சில்லென்று இருந்தது. திருக்கழுக்குன்றம் வழியாக இன்னொரு பேருந்தில் முப்பது கிலோமீட்டர் போனால் சதுரங்கப்பட்டினம். இறங்கியதும் கருவாட்டு வாடையும் உப்புக் காற்றும் முகத்தில் அடித்தன. வானம் மூட்டம் போட்டிருந்தது. கடல் நீலமாக இருக்கும் என்று நினைத்துப் போனவனுக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் கிடந்தது.

படகுக்காரர் தேசப்பனுக்கு நாற்பது வயதிருக்கும். பைபர் படகு, அரை நாளைக்கு எண்ணூறு ரூபாய் பேசியிருந்தோம். ஏகாம்பரம் பையிலிருந்து ஒரு பால் டப்பாவை எடுத்து நீட்டினான். பம்புசெட்டு ஓரம் வாழையடியில் தோண்டி, ஈர மண்ணோடு கொண்டுவந்த மண்புழு. ஏரியில் கெண்டைக்கு அதுதானே தீனி!

தேசப்பன் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “இன்னாபா இது, மண்புயுவா? உப்புத் தண்ணில எறக்குனா சுருண்டு பூடும். ஏரிக்காரங்கன்னு நீங்க வாயால வேற சொல்லணுமா?” எனக்கும் சிரிப்பு வந்தது. தசரதன் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டான். பழைய தசரதனாக இருந்தால் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லி ஏகாம்பரத்தின் மானத்தை வாங்கியிருப்பான்.

ஏழரை மணிக்கு அலையைத் தாண்டினோம். கரை மெலிந்து ஒரு கோடாகிவிட்டது. தேசப்பன் எஞ்சினை நிறுத்தி, இறால் துண்டுகளைக் கொக்கியில் மாட்டி ஆளுக்கொரு நரம்புக் கயிறு கொடுத்தார்.

“அந்தாள கொஞ்சம் நகந்து குந்தச் சொல்லு” என்றான் தசரதன் என்னிடம். “எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லு” என்றான் ஏகாம்பரம், அதுவும் என்னிடம். சரியான பேஜார். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நான் தபால்காரன்.

ஒன்பது மணிக்குள் ஏகாம்பரத்துக்குக் குமட்டல் கண்டது. விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தான். படகு ஒரு பக்கம் சாய, உடம்பு பாதி வெளியே போய்விட்டது. நான் கத்துவதற்குள் தசரதன் தன் கயிற்றை விட்டுவிட்டுப் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். வாந்தி நிற்கும்வரை விடவில்லை. பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் வாயில் வைத்தான். ஏகாம்பரம் குடித்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, இனி கவலையில்லை என்று நினைத்தேன். ஆனால் பாட்டிலை மூடியதும் தசரதன் தன் இடத்துக்குப் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

பதினொன்றரைக்குக் கரை சேர்ந்தோம். கொஞ்சம் கிழங்கான் மீன், ஏழெட்டு சங்கரா, பிடிபட்டது அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஏரி வற்றிப் பொதுவில் மீன் பிடித்தால் கூறு வைத்துத்தான் பிரிப்போம். ஒருவன் முதுகைக் காட்டி நிற்பான். இன்னொருவன் ஒரு குவியலைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பான். முதுகைக் காட்டியவன் பார்க்காமல் ஒரு பேர் சொல்ல வேண்டும். பேர் சொன்னவனுக்கே அந்தக் கூறு. கடைசிக் கூறானாலும் பேர் சொல்லாமல் யாரும் எடுப்பதில்லை. நான் மணலில் நாலு கூறு வைத்தேன். வேண்டுமென்றேதான் தசரதனைத் திரும்பி நிற்கச் சொன்னேன்.

“இது யாருக்கு?”

“தேசப்பனுக்கு.”

“இது?”

“ஒனக்கு.”

“இது?”

“எனக்கு.”

ஏகாம்பரம் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் வெளுத்திருந்தது. கடைசிக் கூறைத் தொட்டேன். “இது யாருக்குடா?”

தசரதன் கால் கட்டைவிரலால் மணலைக் கிளறினான். மறுபடி கேட்டேன். “மிச்சம் யாருக்குன்னு தெரியாதா? எதுக்குக் கேட்டுக்கினு கீற?” என்றான்.

ஏகாம்பரம் பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நடந்தான். “ஐயே, மீன விட்டுட்டுப் போறாருபா” என்று தேசப்பன் கூப்பிட்டார். அவருக்கு என்ன தெரியும்? அந்தக் கூறின் மேல் காக்கைகள் இறங்கின.

ஏகாம்பரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தான், மூவரும் ஒரே பேருந்தில் ஏறினோம். திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். கடலில் மதகு கிடையாது, முறை கிடையாது, யாரும் யாருடைய தண்ணீரையும் வெட்டித் திருப்ப முடியாது. அங்கே போனால் சரியாகிவிடும் என்று நம்பிய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்கே போனாலும் இவன்கள் அந்த ஏரியைச் சுமந்துகொண்டுதான் போவான்கள்.

உத்திரமேரூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஏகாம்பரம் என்னிடம் மட்டும் தலையசைத்துவிட்டு, கடைத்தெருப் பக்கம் போனான். தசரதன் அசையாமல் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏகாம்பரம் திருப்பத்தில் மறைந்தான்.

“ஏகாம்பரத்துக்கு” என்றான் தசரதன், மெதுவாக.

“ஓடிப் போய்ச் சொல்லுடா பாவி!” என்று அவன் தோளைப் பிடித்துத் தள்ளினேன். நின்ற இடத்திலேயே நின்றான். கேட்க வேண்டியவன் போய்விட்டான். நான் கேட்டு என்ன ஆகப்போகிறது?