பின்சுவரில் ஒரு கை

மாசிப் பௌர்ணமி விடுமுறையான போயாவுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கும்போது அந்த அழைப்பு வந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம் இருக்கிற நெல் மில்லின் காலஞ்சென்ற முதலாளியின் மகள் பேசினாள். "அக்கா, களஞ்சியத்தில திரும்பப் பாட்டு வைக்கப் போறம். முதல் பாட்டு நீங்கதான்" என்றாள். ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம், வாறன்" என்று வந்து விழுந்தது. பாழாய்ப்போன வாய்! ஐம்பத்தெட்டு வயதாகியும் அது என்னைக் கேட்டுப் பேசப் பழகவில்லை.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் என் கழுத்தில் ஒரு கட்டியை வெட்டி எடுத்தார்கள். அந்த இடத்தில் கத்தி வைத்தால் குரல் களைத்துப் போகலாம் என்று முன்பே சொல்லித்தான் வெட்டினார்கள். களைத்துத்தான் போனது. பேசும்போது யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பாடினால் இரண்டு வரி வரும், மூன்றாவதில் வெறும் காற்று. இதை நான் வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடிக்குரலில் பாடினாலும் கேட்கும் என்று பெயரெடுத்தவள், எந்த வாயால் சொல்வேன்?

அந்தக் களஞ்சியம் நீளமான கட்டடம், தகரக் கூரை. ஒரு தலைப்பில் மில் இஞ்சின், மறு தலைப்பில் நெல் மூட்டைகள். போயா நாளில் மில் ஓடாது. முதலாளிக்குப் பாட்டென்றால் உயிர். அதனால் மாதத்தில் ஒரு பிற்பகல் அது பாட்டு மண்டபமாகிவிடும். வெல்லாவெளியிலிருந்து உழவு மெசினில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஏறாவூரிலிருந்து தபேலாக்காரர் சைக்கிளில் வருவார். போயாவென்றால் சாராயக்கடையும் பூட்டு. கேட்க வருகிற ஆம்பிளைகள் எல்லாரும் தெளிவாக வந்து குந்துவார்கள், அதுதான் எங்களுக்குப் பயம். வெறியில் இருக்கிறவன் எதற்கும் கைதட்டுவான். தெளிந்தவன் பிழை பிடிப்பான்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. முதல் பாட்டை மைக் இல்லாமல் பாட வேண்டும். பாதிப் பாட்டில் கரண்ட் போகிற காலம் அது. "கரண்ட நம்பிப் பாடுற ஆள் எனக்கு வேணாம்" என்பார் முதலாளி. சரி, பாடுகிறவருக்குத் தன் குரல் கடைசி ஆள் வரை போகிறதா என்று எப்படித் தெரியும்? அதற்கும் ஓர் ஆள் வைத்திருந்தார். மூட்டை சுமக்கிறவரை எங்கள் பக்கத்தில் நாட்டாமை என்போம். அந்த மில்லின் நாட்டாமை அண்ணன் பின்சுவரோடு நின்று வலது கையை உயர்த்துவார். கை மேலே நின்றால் குரல் வந்து சேருகிறது என்று அர்த்தம். இறங்கினால் கேட்கவில்லை. "சனத்தப் பார்க்காத. அவன்ட கையப் பாரு. அது நிக்கும் வரைக்கும் உனக்குப் பயமில்ல" என்று முதலாளி எல்லாருக்கும் சொல்வார்.

பதினெட்டு வயதில் முதன்முதல் நான் பயந்து பயந்துதான் அங்கே ஏறினேன். அந்தக் கை மேலே போனது, பாட்டு முடியும் வரை இறங்கவில்லை. ஐந்தாறு வருடத்தில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். கல்குடா வரைக்கும் திருவிழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு போயாவுக்குப் புதுச் சாரி கட்டிக்கொண்டு போய், தபேலாக்காரரிடம் "இண்டைக்காவது ஒழுங்கா அடிங்க" என்று சொல்லிவிட்டுப் பாடினேன். இரண்டாம் வரியிலேயே கை இறங்கிவிட்டது. தொண்டை கிழியக் கத்தினேன், ஏறவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இறங்கி வந்து, "காதுக்குள்ள உமியா அடைச்சு வச்சிருக்கீங்க?" என்று அந்த மனிசனிடம் கேட்டேன். அவர் சிரித்துத் தலையாட்டினார்.

பிறகு பிரச்சினை வந்து, சண்டையில் மில் பூட்டுப்பட்டது. அங்கே பாடிப் பழகினவர்கள் போன இடமெல்லாம் கோஷ்டி வைத்தார்கள். இன்றைக்கும் வாவியின் இரண்டு கரையிலும் சில கோஷ்டிகள் முதல் பாட்டை மைக் இல்லாமல் பாடவைக்கின்றன. ஏனென்று அந்தப் பெடியன்களுக்கே தெரியாது.

பதினொரு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அயலுக்குக் கேட்கக் கூடாதென்று கிணற்றடியில் தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டுப் பாடிப் பார்த்தேன். மோட்டர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "டாங்கி நிரம்பி வழியுது, மோட்டர நிப்பாட்டுங்க" என்று அடுத்த வீட்டுக்காரி கத்தினாள். சோறு இறங்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லலாமா, கால் பிசகிவிட்டது என்று சொல்லலாமா என்று பொய்களைத் தேடிக்கொண்டே படுத்தேன். ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. வெறும் களஞ்சியம் குரலைத் தாங்கிக் கொண்டுபோய்க் கடைசிச் சுவரில் சேர்க்கும். மூட்டை நிறைந்த களஞ்சியம் விழுங்கிவிடும். முதலாளியின் மகளுக்கு அழைத்து, "களஞ்சியம் வெறுசாத்தானே கிடக்கு?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். "ஓம் அக்கா, கூட்டிக் கழுவிட்டம்" என்றாள்.

போயாவன்று ஆட்டோ வலையிறவுப் பாலத்தில் ஏறும்போதே மேற்கே வானம் கறுத்திருந்தது. ரோட்டோரம் காயப்போட்ட நெல்லைச் சனம் அவதியவதியாக அள்ளிக்கொண்டிருந்தது. இதெல்லாம் களஞ்சியத்துக்குத்தான் போகும் என்று நினைத்தேன். நினைத்தது சரி. களஞ்சியத்தின் இரண்டு பக்கமும் கூரை முட்ட மூட்டைகள்.

"மழ வரப்போகுதெண்டு வயல் வட்டைக்குள்ள கிடந்த நெல்லெல்லாம் கொண்டு வந்துட்டாங்க அக்கா. வேணாமெண்டு சொல்ல ஏலுமா?" என்றாள் மகள்.

ஏலாதுதான். வயல்காரரின் ஆறு மாத உழைப்பை என் தொண்டைக்காக மழையில் போடச் சொல்ல நான் யார்? ஆனாலும் யார்மேலாவது விழ வேண்டும் போலிருந்தது. ஆர்மோனியக்காரத் தம்பிமேல் விழுந்தேன்.

"எத்தின கட்டையில வைக்க அக்கா? பழைய அஞ்சுதானே?" என்று அவன் சுருதி கேட்டான்.

"மூண்டில வை."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன பார்க்கிறாய்? எனக்கு வயசு போகல்லயா? வையன்!"

அவன் மூன்றில் வைத்தான். நான் எழுந்து நின்றேன். கடைசியில், மூட்டைகளுக்கு நடுவே, நரைத்த தலையோடு நாட்டாமை அண்ணன் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. அவர் கை கீழேதான் இருந்தது.

பிள்ளையார் பாட்டின் முதல் வரியைப் பாடினேன். உமியைக் கையால் அடித்தது போலிருந்தது, சத்தமே இல்லை. மூன்றாம் வரிசையில் ஒரு கிழவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்தார். இரண்டாம் வரி கிழிந்தது. பிள்ளையாரப்பா, மானம் போகப் போகுது, என்னை இப்பவே கொண்டுபோ என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அப்போது அந்தக் கை மேலே போனது.

எனக்கு நம்ப முடியவில்லை. ஆனால் அந்தக் கை பொய் சொல்லாது. என்னை ஒருநாள் சபையில் கீழே இறக்கின கை அது. நான் மூச்சை இழுத்தேன். மூன்றாம் வரி வந்தது. சின்னதாக, கரகரப்பாக வந்தது, ஆனால் வந்தது. நான்காவதும் வந்தது. கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பாட்டை முடித்தேன். கை அசையவேயில்லை.

முடியவும் மழை கூரையில் கொட்டவும் சரியாக இருந்தது. நான் நேரே பின்னால் போனேன்.

"அண்ணன், கேட்டதா?"

அவர் சிரித்துத் தலையாட்டினார். மழைச் சத்தம் என்று இன்னொருமுறை உரக்கக் கேட்டேன். அதே சிரிப்பு.

"அவருக்கு எங்க புள்ள கேக்கிற?" என்றார் அவர் மனைவி. "இஞ்சினுக்குப் பக்கத்தில நிண்டு காது போன மனிசன். என்னக் கலியாணம் முடிக்கக்குள்ளயே கேளாது."

"அப்ப, அந்தக் காலத்தில?"

"அப்பயும்தான். முதலாளிக்கும் தெரியும். தெரிஞ்சுதான் நிப்பாட்டினவர். இவர் பாடுற ஆக்கள்ட மூஞ்சியத்தான் பார்ப்பார். பயந்து நிண்டா கையத் தூக்குவார். பெரும காட்டினா கீழ விடுவார்."

மில்லுக்குள் எல்லாரும் கையால்தான் பேசுவார்கள், இஞ்சின் சத்தத்தில் யார் வாயால் பேசுவது? அதனால் எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. நாற்பது வருடம் எங்களை முட்டாளாக்கியிருக்கிறார்கள், இந்த மனிசனும் அந்த முதலாளியும்! கத்த வேண்டும் போல வந்தது. ஆனால் அதைவிட ஒன்றைக் கேட்காமல் என்னால் வீடு போக முடியாது.

"மச்சாள், நீங்க அவருக்குப் பக்கத்திலதானே நிண்டீங்க. உங்களுக்குக் கேட்டதா? பொய் சொல்லாதீங்க."

"முதல் ரெண்டு வரியும் கேக்கல்ல புள்ள. மறுகா வந்த வரியெல்லாம் கேட்டிச்சு."

அவ்வளவுதான். மூட்டையில் சாய்ந்து, அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டு, சனம் பார்க்கப் பார்க்க அழுதேன். நாட்டாமை அண்ணன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மற்றக் கையை உயர்த்தினார்.