பூஜ்யம் என்று வைத்த வரம்பு

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், வேங்கிக்காலில் ஒரு சிறிய டேட்டா என்ட்ரி நிலையத்தில் கணினிகளைப் பராமரித்து வந்தேன். மதிய இடைவேளையில் அங்கேயே என் நாட்குறிப்பையும் எழுதுவேன். கடவுச்சொல் இல்லாமல் திறக்காத நிரல் அது.

நினைவகம் நிரம்பினால், அதில் இருப்பதைக் கணினி கொஞ்சம் கொஞ்சமாக ஹார்டு டிஸ்கில் இறக்கி வைக்கும். ரகசியம் காக்கும் நிரல்கள் தங்கள் பகுதியை மட்டும் இறக்க விடாமல் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு பூட்டலாம் என்ற வரம்பை வைப்பது என் வேலை. முதலில் வரம்பே இல்லாமல் விட்டிருந்தேன்; ஒரு நிரல் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டு கணினியை உறைய வைத்தது. அதனால் எல்லோருக்கும் பூஜ்யம் என்று மாற்றினேன். அன்றிலிருந்து என் நாட்குறிப்பைத் திறக்கும்போதெல்லாம் ‘பூட்ட முடியவில்லை’ என்று ஒரு வரி வரும். என்டர் தட்டிவிட்டு எழுதத் தொடங்குவேன்.

ஒரு நாள் திடீரென்று மின்சாரம் போனதில், உடன் வேலை செய்த பெண், நான் நாட்குறிப்பு எழுதும் அதே கணினியில் தட்டிக்கொண்டிருந்த சுகாதார அறிக்கை போய்விட்டது. மின்சாரம் வந்ததும் ‘மருத்துவமனை’ என்ற சொல்லை டிஸ்க் முழுவதும் தேடினார். தேடும் வழியை நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

“சார், இங்க வாங்க. இது என்னுது இல்லியே.”

உடைந்த எழுத்துகளுக்கு நடுவே ஒரு வரி முழுதாக இருந்தது: ‘மருத்துவமனையில் புற்று என்றார்கள். அவளிடம் அல்சர் என்று சொல்லிவிட்டேன்.’ முந்தின நாள் மதியம் நான் நாட்குறிப்பில் எழுதி, சேமிக்காமல் உடனே அழித்த வரி. கீழே அதே வரி மறுபடியும், பாதியில் நின்றது. அதற்கும் கீழே ‘மருத்துவமனையில் புற்’ என்பது வரை. நான் தயங்கித் தயங்கித் தட்டியது, பூட்டு இல்லாததால் அப்படியே டிஸ்கில் இறங்கியிருந்தது.

“அக்காவுக்கா சார்?” அவரும் எங்கள் தெருதான்; என் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“ஆமா.”

“நேத்துகூட, அல்சருக்குக் காரம் ஆகாதுனு எனக்குச் சட்னியவே நிறுத்திட்டாரு இந்த மனுஷன்னு சிரிச்சாங்களே... நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா எனக்கு மூஞ்சிய மறைக்கத் தெரியாது.”

வரம்பை அறுபத்து நான்கு கிலோபைட் ஆக்கினேன். ஒரு நாள் குறிப்புக்கு அது போதும். கணினியை உறைய வைக்கப் போதாது. டிஸ்கின் அந்தப் பகுதியை முழுக்க அழித்தேன். திரும்பத் தேடினேன், எதுவும் வரவில்லை. பிறகு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, அந்தப் பெண் தெருவுக்குத் திரும்புவதற்குள் வீட்டுக்குப் போய், அவளுக்கு வந்திருப்பது அல்சர் இல்லை, புற்று என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் அழவில்லை.

“மொதல்ல யார்கிட்ட சொன்னீங்க?”

“யார்கிட்டயும் இல்ல” என்றேன்.