டான்சோரியல் துரைக்கண்ணு

திருத்தணி மலையேறிய தலைகளில் பாதியைத் துரைக்கண்ணுதான் மழித்தார். பாதி என்பது சற்று அளந்துவிட்டதுதான். முடி காணிக்கை மண்டபத்தில் இன்னும் பல பேர் கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் இருபத்தெட்டு வருஷத்தில் அவர் முதுகு வளைந்திருக்கும் வளைவைப் பார்த்தவர்கள், கணக்கில் பெரிய தப்பில்லை என்பார்கள்.

அன்றைக்கு முதுகைவிட மனசுதான் அதிகம் ஓய்ந்திருந்தது. மகள் சுஜாதா, ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பையனைத் தானே பார்த்துக்கொண்டாள். அவன் பெற்றோருக்கு அனுப்ப பயோடேட்டா அடித்திருந்தாள். அப்பாவின் தொழில் என்ற இடத்தில், எழுத்துக்கூட்டிப் படித்தும் அவருக்குப் பிடிபடாத ஓர் இங்கிலீஷ் சொல்: டான்சோரியல். பெற்ற தகப்பனை இப்படி ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாளே என்று காலையிலிருந்து அதே நினைப்பு.

பதினோராவது தலையாக வந்து அமர்ந்தவர் எழிலன், பள்ளிப்பட்டில் இங்கிலீஷ் வாத்தியார். தண்ணீர் தெளித்துத் தேய்த்து, இடதுபக்கம் முழுக்க இறக்கியபிறகு துரைக்கண்ணு தயங்கித் தயங்கி அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டார். வாத்தியார் குனிந்த தலை நிமிராமலே சொன்னார்:

"லத்தீன்ல டோன்சோர்னா முடி மழிக்கிறவர்ங்க. அதுலேர்ந்து வந்தது. மழிக்கிற தொழிலைச் சேர்ந்ததுன்னு அர்த்தம். இப்ப யாரும் அதிகமா சொல்றதில்ல. சொன்னாலும் கேலிக்குத்தான் சொல்லுவாங்க."

கேலி என்றதும் கத்தி நின்றது. துரைக்கண்ணு எதையோ யோசித்தபடி எழுந்து டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார். ஒருபக்க மொட்டையோடு வாத்தியார் காத்திருக்க, வரிசையில் நின்ற பெண்கள் இது எந்த ஊர் வேண்டுதலோ என்று பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவருக்குக் கோபப்படவும் தெம்பில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

"மலைல முடி எடுக்குறாருன்னே போடும்மா. எங்கப்பனுக்கு அதுல வெக்கமில்ல, எனுக்கும் இல்ல. உனுக்கு ஏம்மா வெக்கம்?"

சுஜாதா கையிலிருந்த செல்போனைக் கீழே வைத்தாள்.

"வெக்கம் எனுக்கில்ல நைனா. போன வாரம் பையன் வூட்ல போன்ல கேட்டப்போ, கோயில் ஆபீசுல வேலைன்னு சொன்னது நீதான். உன்ன பொய்க்காரனாவும் ஆக்கக்கூடாது, நானும் பொய் எழுதக்கூடாதுன்னு ரெண்டு நாளா தேடிக்கினு இருந்து புடிச்ச வார்த்த அது."