கிண்ணங்களின் கறுப்புப் பூச்சு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதாம் ஆண்டு, மழைக்காலத்தின் முதல் வாரத்தில்தான் அவன் அண்ணியை முதன்முதலாகப் பார்த்தான். அப்போது அவர் அவனுக்கு அண்ணியாகவில்லை. வாகன உதிரிபாகக் கடை ஒன்றின் நீண்ட மேசைக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திவைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண், அவ்வளவுதான். அவனுக்கும் அப்போது சொந்தப் பட்டறை இல்லை. வேறொருவரிடம் வேலை பார்த்த மெக்கானிக்காக, தலையிலிருந்து தண்ணீர் சொட்டக் கடைக்குள் நுழைந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினான்.

"இவ்வளவு பெரிய கிராஸ் ஒண்ணு குடுங்க."

அவர் அந்த விரல்களையே சற்று நேரம் பார்த்தார்.

"இந்த ரெண்டு விரலையும் கழட்டி வச்சிட்டுப் போறீங்களா? அளந்து பார்த்துட்டுத் திருப்பித் தரேன்."

கடையிலிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"லாரி நடு ரோட்டுல நிக்குதுங்க!"

"நிக்கட்டும். நிக்கிற வண்டியால யாரும் சாகறதில்லை. போய்ப் பழசைக் கழட்டிட்டு வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே மழையில் திரும்பிப் போனான். பழையதைக் கழற்றிக் கொண்டுவந்தான். கிராஸ் என்பது கூட்டல் குறியைப் போன்ற ஓர் இரும்புத் துண்டு. அதன் நான்கு முனைகளையும் நான்கு சிறு கிண்ணங்கள் மூடியிருக்கும். சுழலும் தண்டின் நுனியிலுள்ள காதுகளில் அந்தக் கிண்ணங்கள் கச்சிதமாக உட்கார்ந்தால்தான், தண்டு வளைந்து நெளிந்தும் சக்கரத்தைச் சுழற்றும். அவர் பழைய கிண்ணத்தைத் துணியால் துடைத்து, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, மயிரிழையையும் அளக்கும் வெர்னியர் என்ற அளவுகோலின் தாடைகளுக்கிடையே வைத்தார். பிறகு புதியதை எடுத்து, அதன்மேலிருந்த சாயத்தையும் அதேபோல் தேய்த்து அகற்றிவிட்டு அளந்தார்.

"புதுசை எதுக்குங்க தேய்க்கிறீங்க?"

"சட்டை, செருப்போட தராசுல ஏறினா உடம்போட எடை தெரியுமா? அது மாதிரிதான். இரும்பைத் தொட்டு அளந்தாத்தான் அளவு."

ஊரிலுள்ள மெக்கானிக்குகள் அனைவரும் அவரை 'வெர்னியர்' என்றே அழைத்தார்கள். நேரில் அழைக்க எவருக்கும் துணிவில்லை. அன்று மாலை வீட்டில் அவன் பொரிந்து தள்ளினான். பேருந்து ஓட்டுநராக இருந்த அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படி என்னதான் அளக்கிறாள் என்று பார்த்துவரப் போனவர், அடுத்த ஆண்டு அவரையே மணந்துகொண்டார்.

"என்னையும் அளந்து பார்த்துத்தான் ஒத்துக்கிட்டா" என்பார் அண்ணன்.

"ஆள் ரெண்டு நூல் குறைச்சல்தான். போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்" என்பார் அண்ணி.

அண்ணியின் கடையில் இருநூற்றுப் பன்னிரண்டு இழுப்பறைகள் இருந்தன. ஒவ்வொன்றின்மேலும் முத்துமுத்தான கையெழுத்தில் அளவு எழுதி ஒட்டியிருக்கும். பதினான்கு ஆண்டுகளில், அளவு தவறியதென்று ஒரு சாமானும் அந்த மேசைக்குத் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் சிறிது கர்வம் தட்டும். கடைக்குப் பின்புறச் சந்தில் கொழுந்தன் சொந்தப் பட்டறை வைத்தபோது, சுவரில் ஒரு வாசல் இடித்துக்கொடுத்தவரும் அவரே. அவனை அவர் பெயர் சொல்லி அழைத்ததேயில்லை; எப்போதும் 'தம்பி'தான்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் அண்ணன், எங்கோ மோதி முன்பக்கம் நசுங்கிக் கிடந்த ஒரு வெளிநாட்டுப் பந்தயக் காரை வாங்கிவந்தார். அதில் இருப்பவை இரண்டே இருக்கைகள். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடல்.

"என் பஸ்ஸு நாப்பதைத் தாண்டினா அழும்டா. இது எழுபதுல கொட்டாவி விடுது!" என்று குழந்தையைப்போல் குதூகலித்தார்.

பட்டறையில் அதைத் தூக்கி நிறுத்தியதும் அவன் அடியில் குனிந்து பார்த்தான். பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகள் இரண்டும் அலுமினியத்தால் ஆனவை. ஒரு கையால் தூக்கிவிடலாம். மற்ற வண்டிகளில் தண்டு சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே செய்யும். இதில் சக்கரத்தை நிமிர்த்திப் பிடித்திருப்பதும் அதே தண்டுதான். அது காதோடு பெயர்ந்தால், சக்கரம் முழந்தாளிட்டு உள்ளே மடியும்.

கிராஸ்கள் நான்கும் ஆடிப்போயிருந்தன. எதை மாற்றிப் போடுவதென்ற பேச்சு அண்ணியின் மேசையில் ஒரு மாலை முழுவதும் நடந்தது. கிரீஸ் அடிக்கத் துளையிட்ட வகையைக் கையில் எடுத்தவுடனே அவர் ஒதுக்கிவிட்டார்.

"உள்ளே துளை போட்டா எலும்பு பலம் குறையும். லாரிக்குச் சரி. இதுக்கு வேண்டாம்."

துளையில்லாத சாதாரண வகை இழுப்பறையிலேயே இருந்தது. அளவும் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அண்ணன் ஆவலோடு கை நீட்டினார். அண்ணி இழுப்பறையை மூடிவிட்டார்.

"அலுமினியத் தண்டுக்குன்னு தனியா செய்யறாங்கன்னு பட்டியல்ல போட்டிருக்கு. அதான் வரணும்."

"அது வர ஒரு மாசம் ஆகுமே!"

"ஆகட்டும். நிக்கிற வண்டியால—"

"யாரும் சாகறதில்லை. தெரியும்மா, தெரியும்!"

ஐந்து வாரங்கள் கழித்து அவை வந்தன. நான்கு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு கிராஸ். கிண்ணங்களின்மேல் அடுப்புக்கரியைப்போல் மங்கிய கறுப்புப் பூச்சு ஒன்று இருந்தது. அண்ணி கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டார், உப்புத்தாளை எடுத்தார்.

வழக்கமான சாயம் நான்கு இழுப்பில் போய்விடும். இது போகவில்லை. பதினாறு கிண்ணங்களைத் தேய்த்து முடிக்க அவருக்கு மதியம் வரை ஆயிற்று. விரல் நுனிகள் கன்றிச் சிவந்தன. 'இவ்வளவு அழுத்தமாகவா சாயம் பூசுவார்கள்?' என்று அவனுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. வெர்னியரிடம் போய் யார் கேட்பது? வந்த கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டான். பெட்டிக்குள் ஆறு மொழிகளில் பொடி எழுத்தில் அச்சிட்ட தாளொன்று மடித்துக் கிடந்தது. கழற்றிய பழைய கிராஸ்களை அந்தப் பெட்டியிலேயே, அந்தத் தாளின்மேலேயே போட்டு மூடி, பரணில் வைத்தான்.

மாட்டுவதில் அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. சுத்தியலைத் தொடாமல், காது வளையாமல், அழுத்தப் பொறியில் வைத்து மெல்ல மெல்ல உள்ளே இறக்கினான். வெள்ளிபோல் மின்னிய கிண்ணங்கள் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கின. "அளவுன்னா இது!" என்றார் அண்ணி.

இரண்டு மழைக்காலங்கள் கடந்தன. அண்ணன் விடுமுறை நாள்தோறும் கடற்கரைச் சாலையில் அந்தக் காரை ஓட்டினார். உப்புக் காற்றும் மழைநீரும் அதன் அடியில் சத்தமில்லாமல் தம் வேலையைச் செய்தன.

மூன்றாம் மழைக்காலத்துக்குச் சற்று முன், ஒரு செவ்வாய்க்கிழமை, எண்ணெய் மாற்றுவதற்காகக் கார் பட்டறைக்கு வந்தது. அடியில் விளக்கைப் பிடித்தவனின் கை அப்படியே நின்றது. தண்டின் காதைச் சுற்றி, பழைய பேட்டரியின் முனையில் பூப்பதுபோல, வெண்பொடி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினான். பொடி உதிர்ந்துகொண்டே இருந்தது. நகம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினான். பழைய கிராஸின் கிண்ணங்களைத் துடைத்துப் பார்த்தான். அத்தனை ஆண்டு ஓடிய பிறகும் அவற்றின்மேல் அதே கறுப்பு இருந்தது. அடியில் கிடந்த தாளை விரித்து, எழுத்துக் கூட்டிப் படித்தான். கிண்ணத்தின் பூச்சைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. பூச்சில்லாத இரும்பு, ஈரம் பட்டால் அலுமினியத்தை அரித்துவிடும் என்று எழுதியிருந்தது.

உடனே சுவர் வாசல் வழியாகக் கடைக்குப் போனான். அண்ணி ஒரு வாடிக்கையாளரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"என் கடையிலேர்ந்து தப்பான சாமான் ஒண்ணாவது போயிருக்கா, சொல்லுங்க பார்ப்போம்!" பிறகு இவனைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தம்பி, முகம் காத்துப் போன டியூப் மாதிரி இருக்கு?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது.

"ஒண்ணுமில்ல அண்ணி. ஒரு ஆயில் சீல் வேணும்."

புதிய கிராஸ்களும் தண்டும் வாங்கி, அவருக்குத் தெரியாமலே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தான். பிற ஊர் வியாபாரியிடம் தொலைபேசியில் சொன்னான். கையிருப்பில் இருப்பதாகவும், திங்கட்கிழமை வந்துவிடும் என்றும் அவர் சொன்னார். மாலையில் அண்ணன் வந்தபோது, மனமறிந்து ஒரு பொய் சொன்னான்.

"பின் டயர் ரெண்டும் வழுக்கையாயிடுச்சுண்ணே. திங்கக்கிழமை வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. நானே பார்த்து மாத்தித் தரேன்."

"என் தலையைவிட வழுக்கையா?" என்று கேட்டுவிட்டு, அண்ணன் இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்குக் காரை மெல்ல ஓட்டிச்சென்றார். சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாமலில்லை. பிடுங்கினால் காரணம் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவனுடைய கைப்பேசி ஒலித்தது. அண்ணியின் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது.

"தம்பி, நாங்க மலைப்பாதையில இருக்கோம். கல்யாண நாளுக்குன்னு உங்கண்ணன் என்னைக் கடத்திட்டு வந்துட்டார்."

"டயரு...?"

"அதை நேத்தே வேற கடையில மாத்திட்டாராம். தம்பிக்கு எதுக்குச் சிரமம்னு. புது டயர்ங்கிற தெம்புல பறக்கிறார்." குரல் தாழ்ந்தது. "வளைவுல திரும்பும்போதெல்லாம் டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வருது. கல்லு மாட்டியிருக்கும்ங்கிறார். நிறுத்தச் சொல்லி, குனிஞ்சு பார்த்தேன். உள்ளே வெள்ளையா என்னமோ பூத்திருக்கு. அது என்ன?"

"அண்ணி, வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க. நான் வரேன். சாவியை வாங்கிக்குங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

சொன்னான். கறுப்புப் பூச்சையும், உப்புத்தாளையும், தாளில் எழுதியிருந்ததையும் சொன்னான்.

"எப்பப் பார்த்தே?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னைக்குச் சனிக்கிழமை."

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றதுதானே? சொல்லியிருக்கலாம்பா. கோபப்பட்டிருப்பேன். அவ்வளவுதானே?" அவர் குரலில் கோபமே இல்லை. "அந்தத் தாள் கையில இருக்கா? முழுசாப் படி."

அவன் படித்தான். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு அவனிடம் ஒன்றைக் கேட்டார். சரியென்று சொல்லிவிட்டு, கடைக்குள் ஓடி, அவர் கேட்டதை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு புறப்பட்டான்.

அங்கே நடந்ததை அண்ணன் பின்னர் துண்டு துண்டாகச் சொன்னார். கார் வளைவிலேயே நின்றிருந்தது. எதிரே வந்த சரக்கு லாரி வழிகேட்டு ஒலியெழுப்பியது. பத்தடி பின்னால் மேட்டில் ஓர் ஒதுக்கிடம் இருந்தது. பத்தடிதானே என்று அவர் பின்னோக்கி எடுத்தார். அண்ணி தொலைபேசியை வைத்துவிட்டு, "எடுக்காதீங்க! நிறுத்துங்க!" என்று கையை ஆட்டிக்கொண்டே காரின் பின்பக்கமாக ஓடிவந்தார். கண்ணாடியில் அதைப் பார்த்த அண்ணன், வழிகாட்டுவதாக நினைத்து, இன்னும் சற்று அழுத்தினார். காது பெயர்ந்தது. சக்கரம் உள்ளே மடிந்தது. பிரேக்கை மிதித்தும் கார் சரளையில் பக்கவாட்டாக வழுக்கிப் பாறையோடு போய் ஒட்டிக்கொண்டது. பாறைக்கும் காருக்கும் இடையில் அண்ணி இருந்தார்.

அவன் போய்ச் சேர்ந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. அண்ணன் சாலையோரக் கல்லில், காரின் சாவியை இறுக மூடிய கையோடு உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டுநர் தம் தார்ப்பாயால் எதையோ மூடியிருந்தார். அவன் சட்டைப்பையைத் தொட்டான். அவர் கேட்டது பத்திரமாக இருந்தது. யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல், மழையில் நனைந்துகொண்டு நின்றான்.

தாளைப் படித்து முடித்ததும் தொலைபேசியில் அவர் கேட்டது இதுதான்:

"வரும்போது என் வெர்னியரை எடுத்துட்டு வா, தம்பி. எவ்வளவு அரிச்சிருக்குன்னு நானே அளந்து பார்க்கணும்."