நிற்காத மழைக்கு ஸ்தோத்திரம்

மழை நிற்கவேண்டும் என்று ஜெபித்தேன். நிற்கவில்லை. அந்த நிற்காத மழையைப் பற்றித்தான் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன், பிரியமானவர்களே.

என் பெற்றோர் தென்காசிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். தம்பானூருக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். அப்பா இறந்த பிறகு அம்மா கான்கிரீட் வேலைக்குப் போய், சட்டி தூக்கி என்னைப் படிக்கவைத்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மலையாளத்தில் மனு எழுதத் தெரியும். அதில் எனக்குப் பெருமை அதிகம். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

அந்த வருஷத்துப் புயல் கடலோரத்தோடு போய்விட்டது என்று நினைத்திருந்தோம். நெடுமங்காடு தாண்டி, மலைமேல் ஒரு சின்னக் குடியிருப்பையும் அது அடித்திருந்தது. வாழைதான் அவர்களுக்குச் சோறு. ஓணத்துக்கு வெட்டவேண்டிய ஏத்தன் வாழை, நம் நேந்திரம், அத்தனையும் குலையோடு சாய்ந்து கிடந்தது. எங்கள் சபை வாலிபர்கள் ஐந்து பேர் அரிசி மூட்டையோடு போனோம். லீலா சேச்சி என்ற விவசாயி, தனி ஆள், அரிசியை வாங்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"மோனே, அரிசி தின்னாத் தீர்ந்துபோகும். வாழைக்கன்னு கொண்டுவா. இந்த மழையில நட்டா பிடிச்சுக்கும். இல்லேன்னா இடத்தை ரப்பருக்கு விட்டுட்டு, சிட்டியில ஹோட்டல்ல பாத்திரம் கழுவப் போகணும் நான்."

கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கன்னியாகுமரிப் பக்கத்து விசுவாசிகள் ஒரு லாரி நிறையக் கன்று அனுப்பினார்கள். பாடிக்கொண்டே போனோம். மலையடிவாரத்தில் லாரி நின்றது. முந்தின நாள் மழையில் சாலையில் பெரிய துண்டு ஒன்று சரிந்து ஓடைக்குள் போயிருந்தது. ஓரமாகச் செங்குத்தான ஒரு சேற்றுத்தடம் மட்டும் மிச்சம். கன்றுகளைப் பக்கத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் இறக்கினோம். முதல் சுமையை நான் தலையில் வைத்து ஏறினேன். பத்தடிதான். சுமையோடு உருண்டு கீழே வந்தேன்.

லாரி ஓட்டுநர் கன்றுக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "தம்பி, இப்பவே சூடு ஏறியாச்சு. நனைஞ்ச கன்னைக் குவிச்சுப் போட்டா அழுகிரும். ரெண்டு நாளு தாங்கும்."

நான் பேனாவை எடுத்தேன். மூன்று அலுவலகத்துக்கு மூன்று மனு. "மழை மாறட்டே, ஜேசிபி வரும்" என்று மழை நிற்கும்வரை தள்ளிவைத்தார் ஓர் அதிகாரி. மற்ற இருவர் அதுவும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் என் சேற்றுச் சட்டையைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணாச்சிமாருக்கு இந்த மலையில எந்தா காரியம்? போய் வேற ஜோலி நோக்கடே!" தமிழனுக்கு இங்கே என்ன வேலை என்ற கேலி அது. போகமாட்டேன் என்று அவரிடமே சொன்னேன்.

மறுநாள் காலை அந்த வராந்தாவில் முழங்கால் போட்டேன். ஜெபித்தேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பதே உண்மை. "கர்த்தாவே, மழையை நிறுத்தும். நிறுத்தாமல் நான் எழுந்திருக்கமாட்டேன்." பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, மழை நிக்கணும்னு ஜெபம் பண்ணுங்க."

"எதுக்குல நிக்கணும்? மழை நின்னா எனக்குக் கான்கிரீட் இருக்கு. நிக்கலன்னா இன்னைக்கு லீவு."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எந்த இடம் என்று மட்டும் அம்மா கேட்டார். "சரி, போனை வையி" என்றார்.

மழை இன்னும் வலுத்தது. கன்றுக் குவியலிலிருந்து புளித்த வாடை வர ஆரம்பித்தது. ஆண்டவரும் கைவிட்டார் என்று எண்ணினேன்.

மதியத்துக்குச் சற்று முன்னால், கான்கிரீட் வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒரு பழைய வண்டி பள்ளிக்கூடத்து முன்னால் வந்து நின்றது. மழையால் அன்றைய வேலை ரத்து. வண்டி நிறைய ஆணும் பெண்ணும். தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு முதலில் குதித்தது என் அம்மா.

"என்னல, நீ மனு எழுதின ஆளுக எல்லாரும் வந்தாச்சா?"

காலியாகக் கிடந்த சாலையை அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எங்களுக்கு ஏன் எழுதல?"

"விடுக்கா" என்றார் கூட வந்த மேஸ்திரி. "நமக்குத்தான் மலையாளம் வாசிக்கத் தெரியாதே!" வண்டியே சிரித்தது.

ஏன் கேட்கவில்லை? உண்மையைச் சொல்கிறேன். அம்மா செய்யும் வேலையைக் கல்லூரியில் யாரிடமும் நான் சொன்னதில்லை. உதவி என்றால் மேலே இருப்பவர்களிடம்தான் கேட்கவேண்டும் என்று நினைத்தேன்.

மேஸ்திரி சேற்றுத்தடத்தைப் பார்த்தார். "நடந்தாத்தான வழுக்கும்? நில்லுங்க" என்றார். அவ்வளவுதான். மாடிக்குச் சிமெண்ட் சட்டி ஏற்றுவதுபோல, கைக்கு எட்டும் தூரத்தில் ஆளுக்கு ஆள் சேற்றில் காலை ஊன்றி, கீழிருந்து மேல்வரை நின்றார்கள். கன்று கை மாறி ஏறியது. "சட்டியை விட இது லேசு, மேல வடியாது!" என்று ஒரு அக்கா கத்தினார். மேலே லீலா சேச்சியும் ஊராரும் வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் அம்மாவுக்கு அடுத்த ஆளாய் நின்றேன். "வேகமா வாங்குல, காலேஜு!" என்று அதட்டினார். டீக்கடைக்காரர் கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் சேர்ந்தார். பொழுது சாய்வதற்குள் வராந்தா காலி.

அந்த வரிசையில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு. "அவர்கள் விசுவாசிகள் இல்லையே, இது எப்படி ஜெபத்தின் பதில்?" என்று சிலர் கேட்டார்கள். யாரை அனுப்பவேண்டும் என்று கர்த்தருக்குச் சொல்லிக்கொடுக்க நீங்கள் யார், நான் யார்? தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் கேட்டபடி மழை நின்றிருந்தால், அந்தக் கைகள் அன்று நகரத்தில் ஏதோ ஒரு மாடியில் சட்டி மாற்றிக்கொண்டிருக்கும். வராத ஜேசிபிக்காக நான் காத்துக்கிடந்திருப்பேன். கன்று அழுகியிருக்கும்.

அடியில் கிடந்த சில கன்றுகள் கெட்டுப்போயின. மற்றதெல்லாம் அதே மழையில் வேர் பிடித்தது. லீலா சேச்சி மலையை விட்டு இறங்கவில்லை. முதல் குலையை வெட்டியதும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு இறங்கினார், அம்மா வேலை செய்யும் இடத்துக்கே. சட்டி மாற்றும் வரிசையில் அந்தக் குலையும் ஒரு சுற்று போய்வந்தது.

முன்பெல்லாம் விண்ணப்பங்களில் தாயின் தொழில் என்ற இடத்தைக் காலியாக விடுவேன். இப்போது கான்கிரீட் தொழிலாளி என்று எழுதுகிறேன், கொட்டை எழுத்தில்.

பிரியமானவர்களே, நீங்கள் கேட்டதற்கு நேர் எதிராக வானம் கொட்டினாலும் ஜெபத்தை விடாதீர்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். கேட்டுவிட்டு, எழுந்து கதவைத் திறந்து, இந்த மழையில் இன்று யாருக்கு வேலை இல்லை என்று பாருங்கள்.