கப்பல் கிடந்த இடத்தின் எண்

முப்பது வருடம் செய்தி எழுதிய கை. எங்கே என்று சொல்லாத எதையும் நான் செய்தியாக மதித்ததில்லை. அந்தப் பழக்கத்தால் ஒரு கப்பல் போயிற்று. ஒருவருடைய பிழைப்பில் பாதியும் போயிற்று.

மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு படகுத்துறையில் நாட்டுப்படகு வைத்திருக்கும் மீனவர் அவர். நான் ஓய்வுபெற்று ஆலங்குடியில் குடியேறிய பிறகு, நண்டு வாங்கப் போய்ப் பழக்கமானவர். ஒருநாள் ஈரச் சாக்கில் சுற்றிய பலகைத் துண்டு ஒன்றைக் காட்டினார். ஒரு முழ நீளம், கறுத்த மரம். பச்சை பூத்த செம்பு ஆணிகள் மூன்று. இரும்பு ஒன்றுகூட இல்லை.

கரையிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில், சேற்றில் பாதி புதைந்த பழைய மரக்கப்பல். அவருடைய அப்பா கண்டுபிடித்த இடம். கப்பலைச் சுற்றி மீன் அடையும். விசைப்படகுகள் போகாத நாட்களில் அவர் மட்டும் போய் வலை போட்டு வருவார். அப்படிப்பட்ட இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை அங்கே யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள், கூடப்பிறந்தவருக்குக்கூட.

“இப்பல்லாம் விசைப்படகு இழுவமடி வலை பட்டுப் பட்டு ஓரமெல்லாம் ஒடையுது சார். கவர்மெண்டு வந்து பாத்தா காப்பாத்துவாங்கல்ல? நீங்கதான் மனு எழுதணும்.”

எழுத உட்கார்ந்தேன். எண்ணைக் கேட்டேன்.

“நம்பர் வேணாங்க. எடம் இருக்குன்னு மட்டும் எழுதுங்க.”

“எங்கன்னு சொல்லாத மனு குப்பைக்குத்தான் போகும்.”

பலகைத் துண்டைத் திரும்பச் சாக்கில் சுற்றினார். பிறகு என் காதருகே குனிந்து சொன்னார்.

“கட்டுன பொண்டாட்டிக்குச் சொன்னதில்ல, சாருக்குச் சொல்றாரு பாரு!” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார்.

மனு போய் இரண்டு மாதம் கழித்து நானே தொல்லியல் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். எடுத்தவர் மரியாதையாகவே பேசினார். “முக்குளிக்க ஆள் வேணும், போட் வேணும், எடுக்குற மரத்த வருசக்கணக்குல தண்ணித் தொட்டியில வைக்கணும். அதுக்கெல்லாம் நம்மகிட்ட ஃபண்டே கெடையாது சார். உங்க மனுவ வேற ஆபீஸுக்கு அனுப்பிட்டோம்.”

இதே மாவட்டத்தில் குன்றின் மேல் இருக்கும் பழைய சமணர் குகைக்குக் கம்பிவேலி உண்டு, காவலாளி உண்டு, டிக்கெட் உண்டு. வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. அதே மாவட்டத்தின் கிழக்கு ஓரம் கடலுக்குள் இறங்கியதும் வரலாறு நின்றுவிடுகிறதா? கடலோடிய தமிழன் என்று மேடைதோறும் முழங்க ஒலிபெருக்கி கிடைக்கிறது. அவன் ஓட்டிய கப்பலாகவும் இருக்கக்கூடிய ஒன்றைப் போய்ப் பார்க்க, முக்குளிக்கத் தெரிந்த ஒருவருக்கு ஒரு நாள் கூலி கிடைக்கவில்லை.

அந்த இன்னோர் அலுவலகம் சும்மா இருக்கவில்லை. படகுத்துறைப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டியது. கீழ்க்கண்ட இடத்தில் பழைய கப்பலின் சிதைவுகள் இருப்பதால் அங்கே யாரும் வலை வீசவோ நங்கூரம் இடவோ கூடாது. கீழே அவருடைய எண், தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம்கூடப் பிசகாமல். நான் எழுதிக் கொடுத்தபடியே.

காவல் படகு வரவில்லை, மிதவை போடவில்லை. ஒரு தாள், நான்கு பக்கமும் பசை.

மறுநாளே ஊர் முழுக்க அந்த எண்ணைக் கருவியில் ஏற்றிக்கொண்டது. முதல் வாரம் மீனுக்குப் போனார்கள். அடுத்த வாரம் செம்புக்குப் போனார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கொலுசைக் கயிற்றில் கட்டி இறக்கி, மாட்டியதையெல்லாம் பிய்த்து இழுத்தார்கள். கரையில் குவிந்த மரத்திலிருந்து ஆணியையும் தகட்டையும் உரித்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டார்கள். மரம் வெயிலில் வெடித்துக் கிடந்தது. நான் போனபோது டீக்கடை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டு அடுக்கியிருந்தது.

என்னோடு வந்த அவரைப் பார்த்ததும் அங்கிருந்த ஒருவர் கூப்பிட்டார். “என்ன மச்சான், நம்பர கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்தியே, எங்கிட்டச் சொல்லியிருந்தா பாதி மீனாச்சும் குடுத்திருப்பேன்ல?”

சிரித்தார்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிந்தபிறகு அவருக்கு முதல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். தற்போது நிதி ஒதுக்கீடு இல்லை, வருங்காலத்தில் பரிசீலிக்கப்படும், அதுவரை மேற்படி சிதைவுகளுக்குச் சேதம் நேராமல் மனுதாரர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார்.

“மனுதாரருன்னா நாந்தானே?”

“ஆமா.”

“அப்ப பதில் எழுதுங்க சார். காவலுக்கு ஆளு ரெடியா இருக்கு, கப்பலுதான் இல்லன்னு எழுதுங்க.”

ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினேன். இந்தத் தடவை நான் எண்ணைக் கேட்கவில்லை. அவரே அதைச் சத்தமாகச் சொன்னார், தெருவுக்கே கேட்கும்படி.